பெட்டியில் ஒரு புத்தகத்துக்கு இடம்

மார்ச் ஒன்பது, ஞாயிறு. காலையில் துணி துவைத்து, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, காரைக்காலில் எங்கள் வாசகர் குழுவின் மாதக் கூட்டத்துக்குப் போனேன். அங்கேதான் அவரைப் பார்த்தேன். திருமலைராயன்பட்டினத்துக்காரர். ஒல்லியான உடம்பு, நரைத்த தாடி. விடுமுறை முடிந்து அன்று துபாய்க்குத் திரும்புகிறவர் என்பதால், சட்டைப்பையில் இருந்த பாஸ்போர்ட்டை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“வாட்ஸ்அப்ல நீங்க போடுற மதிப்புரை எல்லாத்தையும் அங்க உக்காந்து படிக்கிறேங்க. பெட்டியில ஒரு புத்தகத்துக்குத்தான் இடம் இருக்கு. திரும்பி வர ரெண்டு வருசம் ஆவும். எத எடுத்துட்டுப் போவட்டும்?”

நான் நான்கு பெயர்களைச் சொன்னேன்.

“நாலையும் அருமைன்னுதானே எழுதிருக்கீங்க. எதையாச்சும் பாதியில மூடி வச்சதில்லையா?”

பக்கத்திலிருந்த நண்பர் சிரித்தார். “அந்தப் புத்தகங்கள எழுதுனவங்கள்லாம் இதே குழுவுல இருக்காங்க பாய். நாளைக்குக் கடைத்தெருவுல மூஞ்சில முழிக்க வேணாமா?”

“அப்ப அவங்களுக்குத்தான் எழுதுறீங்க” என்று பாய் என்னிடம் சொன்னார். குரலில் கோபமில்லை. திருச்சி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று எழுந்து போனார்.

எதை எடுத்துப் போனார் என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்தும் எனக்கு ஒரு வேலையிலும் மனம் நிற்கவில்லை. மறுநாள் எழுந்ததும், பல் துலக்கும் முன்பே, நான் பாதியில் மூடிய ஒரு நாவலைப் பற்றி, எந்த இடத்தில், ஏன் மூடினேன் என்று குழுவில் எழுதினேன். அந்த நாவலை எழுதியவர் எங்கள் தெருவில்தான் இருக்கிறார்.