லிங்கைத் திறந்தவள்

இது நடந்தது. கதை கட்டுகிற ஆள் நான் இல்லை, அதற்கு எனக்குப் பொறுமையும் கிடையாது. சந்தேகம் உள்ளவர்கள் கொட்டாஞ்சேனைக்குப் போய் ஷெரோமியையே கேட்கலாம், முகத்துக்கு நேரே சொல்லுவாள். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பேய் என்றால் நடுச்சாமம், நாய் ஊளை, ஆந்தை என்று எதிர்பார்த்து வந்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். இது நடந்தது ஒரு வெள்ளிக்கிழமை, பின்னேரம் நாலு மணிக்கு. வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. கீழே பாணும் கேக்கும் விற்கிறவனின் ஓட்டோ பாட்டுப் போட்டபடி போய்க்கொண்டிருந்தது.

ஷெரோமிக்கு வயது முப்பத்தொன்று. ஒரு மாடி அறையில் ஆறு வயது மகள் செலீனோடு இருக்கிறாள். புருஷன் விட்டுவிட்டுப் போய் மூன்று வருடம். அவனைப் பற்றிப் பேசி வாயைக் கெடுத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. அவள் கிளார்க்காக இருந்த கப்பல் கம்பனியையும் மூடிவிட்டார்கள். டோஹாவில் துப்புரவு வேலைக்கு விசா வந்திருந்தது. திங்கட்கிழமை ஏஜென்டிடம் பாஸ்போட்டைக் கொடுத்தால், பிறகு இரண்டு வருடத்துக்குச் செலீனைப் போனில்தான் பார்க்கலாம். பிள்ளையை ஹெந்தளையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் விடுவதாக ஏற்பாடு. 

தப்ப ஒரே வழிதான் இருந்தது. வெள்ளவத்தையில் இணையப் பக்கங்கள் செய்கிற சிறிய கம்பனி ஒன்று பயிற்சிக்கு ஆள் எடுத்தது. சான்றிதழ் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு கடைக்கான பக்கத்தைச் செய்து, அதன் லிங்கை வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு முன் அவர்களுடைய படிவத்தில் போட்டு அனுப்ப வேண்டும். ஒரு நிமிடம் பிந்தினாலும் சரிவராது.

ஐந்து மாதம் விழுந்து விழுந்து படித்தாள். சொல்லித்தந்தது ஒரு வாட்ஸ்அப் குழு. எழுபது பேர் இருப்பார்கள், எல்லாரும் இவளைப் போல ஆனா ஆவன்னாவில் நிற்கிறவர்கள். குழுவை நடத்துகிற ஷிப்லிக்கு வெள்ளவத்தையில் போன் கடை. அவன் போட்ட சட்டம் ஒன்று உண்டு. யாராவது உதவி கேட்டால், உதவப் போகிற ஆள் முதலில் ‘பார்த்தேன்’ என்று எழுத வேண்டும். அப்போது மற்றவர்கள் அடுத்த கேள்விக்குப் போகலாம், கேட்டவருக்கும் மூச்சு வரும். அந்த ஒரு சொல் வரும்வரை ஷெரோமி நகத்தைக் கடித்தபடி இருப்பாள்.

அவளுடையது பாவித்த லெப்டொப். மூடியில் கொசு விரட்டும் நுளம்புத்திரி சுட்ட வட்டத் தழும்பு ஒன்று இருந்தது. அதைக் காட்டி விலையைக் குறைத்து வாங்கியிருந்தாள். கமரா வழியாக யாராவது எட்டிப் பார்ப்பார்கள் என்று எங்கேயோ கேள்விப்பட்டு, கமராவின் மேல் பிளாஸ்டர் ஒட்டியிருந்தாள். இந்தப் பிளாஸ்டரை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

பின்னேரம் 4.05. பக்கம் முடிந்தது. திரையில் அழகாகத் திறந்தது. அனுப்ப முன் யாராவது பார்த்துச் சொல்லட்டும் என்று லிங்கை லெப்டொப்பிலிருந்தே குழுவில் போட்டாள். ‘ஒருக்கா பாருங்கோ. அஞ்சு மணிக்கு முதல் அனுப்பவேணும்.’

4.07. டிங்.

‘பார்த்தேன்.’

எழுதியவர் பெயர் யூஜினா. ஷெரோமி அதுவரை கேள்விப்படாத பெயர். எழுபது பேரில் ஒருத்தி என்று நினைத்தாள். மூன்றாவது படம் சரிந்து நிற்கிறது, அடியிலுள்ள போன் நம்பரில் ஒரு இலக்கம் குறைகிறது என்று யூஜினா எழுதினாள். பார்த்தால் அப்படியேதான். பத்துத் தரம் பார்த்தும் தன் கண்ணில் படவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டு திருத்தினாள். ‘தேங்க்ஸ் அக்கா’ என்று போட்டாள்.

4.16. குழுவில் றேணுகா என்ற பெண் கேட்டாள். ‘ஷெரோமி, நீங்க யாரோட கதைக்கிறீங்க?’

விசர்க் கேள்வி என்று ஷெரோமி அதை விட்டுவிட்டாள்.

4.21. டிங்.

‘மஞ்சள் சட்டைப் பிள்ளைக்குப் பசிக்குது.’

ஷெரோமி திரும்பினாள். கதிரைக்குப் பின்னால் செலீன் நின்றாள். மஞ்சள் சட்டை. கை வயிற்றில்.

கமராவைத் தொட்டுப் பார்த்தாள். பிளாஸ்டர் இறுக்கமாக ஒட்டியிருந்தது...

எப்போதோ பிள்ளையின் படத்தைக் குழுவில் போட்டிருப்பேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். செலீனிடம் இரண்டு பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

4.29. கம்பனியின் படிவத்தில் லிங்கைப் போட்டு, அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினாள். அசையவில்லை. மறுபடி அழுத்தினாள். அசையவில்லை.

மூன்றாவது தரம் அழுத்தியபோது, போட்ட லிங்க் அழியத் தொடங்கியது. கடைசி எழுத்திலிருந்து. ஒவ்வொன்றாக.

டக்... டக்... டக்...

அவளுடைய இரண்டு கைகளும் மடியில் இருந்தன. அழிக்கிற விசை தானாக இறங்கி ஏறியது.

4.33. டிங்.

‘அனுப்பாத.’

ஏன் அக்கா என்று கேட்டாள். 

‘எனக்கு மட்டும்தான் இது தெரியும். வேற ஒருத்தருக்கும் தெரியாது.’

டிங்.

‘நானும் இதைத்தான் அனுப்பினனான்.’

4.34. போன் அடித்தது. ஷிப்லி.

“ஷெரோமி, நீங்க போட்டது லோக்கல்ஹோஸ்ட் லிங்க். அது உங்கட மெஷினுக்குள்ள மட்டும்தான் தெறக்கும். எங்கள்ல ஒருத்தருக்கும் தெறக்கல்ல.”

“யூஜினா அக்கா பார்த்தா. பிழையும் சொன்னாவே...”

 போனில் கடை மின்விசிறியின் இரைச்சல் கேட்டது.

“யாரு?” என்றான் ஷிப்லி.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவளுடைய மெஷினுக்குள் மட்டும்தான் திறக்கும். அப்படியானால் பார்த்தவள்...

கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினாள். செலீனைத் தூக்கிக்கொண்டு கதவுக்கு ஓடினாள்.

கதவடியில் நின்றாள். 4.37.

இருபத்துமூன்று நிமிடம். ஓடினால் பயம் போகும், பிள்ளையும் போய்விடும்.

செலீனை எதிர் அறைக்காரியிடம் விட்டாள். திரும்பி வந்தாள். செபம் வாய்க்கு வரவில்லை. கதிரையில் உட்கார்ந்தாள்.

கதிரை சூடாக இருந்தது.

“சொல்லுங்க ஷிப்லி,” என்றாள். அழுதுகொண்டுதான் சொன்னாள். ஷிப்லியும் வேறு ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தை எப்படி எல்லாருக்கும் தெரிகிற இடத்தில் ஏற்றுவது என்று ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொண்டு போனான். அவள் தட்டினாள். சில எழுத்துகள் அவள் தட்டுவதற்கு முதலே விழுந்தன.

வலது தோளில் குளிர். யாரோ குனிந்து பார்ப்பது தெரிந்தது.

அவள் திரும்பவில்லை.

4.56. புது லிங்க் வந்தது. ஷிப்லி தன் போனில் திறந்தான்.

“தெறக்குது. பார்த்தேன்.”

4.58. அனுப்பு.

இந்த முறை பொத்தான் ஒரே தட்டில் இறங்கியது.

தோளில் இருந்த குளிர் போனது. கமராவில் ஒட்டியிருந்த பிளாஸ்டர் கழன்று மேசையில் விழுந்தது...

மறுநாள் ஷிப்லி அவளைக் கடைக்கு வரச் சொன்னான், லெப்டொப்பையும் கொண்டுவரச் சொன்னான். போனாள். முதலில் நேற்றைய பேச்சைத் தன் போனில் காட்டினான். அதில் யூஜினாவின் ஒரு வரிகூட இல்லை. ஷெரோமி மட்டும் ‘தேங்க்ஸ் அக்கா’ என்று வெறுமையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பிறகு மேலே மேலே தள்ளிக்கொண்டு போய் ஓர் இடத்தில் நிறுத்தினான். இரண்டு வருடத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை, பின்னேரம் 4.41. எழுதியவர் யூஜினா. ஒரு லோக்கல்ஹோஸ்ட் லிங்க். அதன் கீழே, ‘யாராவது ஒருக்கா பாருங்கோ. அஞ்சு மணிக்கு முதல் அனுப்பவேணும்.’

அதற்கு ஒருவரும் பதில் எழுதியிருக்கவில்லை.

“அண்டைக்கு நான் ஒரு கலியாணத்தில,” என்றான் ஷிப்லி. “ராத்திரிதான் பார்த்தன். அதுக்குள்ள அவங்க அந்த லிங்கையே ஒரு வேலைக்கு அனுப்பிட்டாங்க. அங்க யாருக்கும் அது தெறக்கல்ல.”

யூஜினா அடுத்த மாதம் டோஹாவுக்குப் போனாள். மகனை இங்கே விட்டுவிட்டுத்தான். நாலாம் மாதம் சவப்பெட்டியில் வந்தாள். அண்ணன் றேமண்ட் அவளுடைய சாமான்களையெல்லாம் விற்றுவிட்டார். அவளுடைய நம்பரைக் குழுவிலிருந்து நீக்க ஷிப்லிக்கு மட்டும் மனம் வரவில்லை.

ஷெரோமி லெப்டொப்பைப் பையிலிருந்து வெளியே எடுத்தாள். ஷிப்லி அந்த வட்டத் தழும்பைப் பார்த்தான். குழுவின் முதல் சந்திப்பில் எடுத்த படத்தைத் தன் போனில் தேடி எடுத்துக் காட்டினான். முன்வரிசையில் மெலிந்த ஒரு பெண் சிரித்துக்கொண்டு நின்றாள். நெஞ்சோடு அணைத்த லெப்டொப். மூடியில் அதே தழும்பு.

ஷெரோமி அவனுடைய போனை வாங்கினாள். இரண்டு வருடத்துக்கு முந்திய அந்தக் கேள்விக்குக் கீழே ‘பார்த்தேன்’ என்று எழுதி அனுப்பினாள்.

டிங்.

சத்தம் வந்தது மூடிக் கிடந்த லெப்டொப்பிலிருந்து. முதல் நாளே அணைத்து வைத்தது, சார்ஜும் இல்லை. ஷிப்லிக்கும் கேட்டது. இருவருமே அதைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை ஏஜென்ட் மூன்று தரம் போன் எடுத்தான். ஷெரோமி எடுக்கவில்லை. புதன்கிழமை வெள்ளவத்தையிலிருந்து அழைப்பு வந்தது, ஒன்றாம் திகதி வேலைக்கு வரச் சொன்னார்கள். இப்போது அங்கேதான் வேலை செய்கிறாள். செலீன் இரவில் அவளோடுதான் படுக்கிறாள்.

லெப்டொப்பை அவள் விற்கவில்லை. குழுவிலும் இருக்கிறாள். புதிதாக வருகிறவர்கள் அடிக்கடி அதே பிழையைச் செய்து, தங்கள் மெஷினுக்குள் மட்டும் திறக்கிற லிங்கைப் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். சோறு தின்றுகொண்டிருந்தாலும் ஷெரோமி கையைக் கழுவிவிட்டு ஓடிவந்து முதல் ஆளாக ‘பார்த்தேன்’ என்று எழுதுவாள். தான் எழுதப் பிந்தினால் யார் எழுதுவாள் என்று அவளுக்குத் தெரியும்.