சமாளித்துக்கொள்கிறவரின் கணக்கு

எந்த ஊருக்கு எத்தனை செவிலியர் வேண்டும் என்று கணக்குப் போடுவதுதான் என் வேலை. கோவையில் ஓர் அரசு அலுவலகத்தின் புள்ளியியல் பிரிவு. மக்கள்தொகை, ஊர்களுக்கு இடையே உள்ள தூரம், கர்ப்பிணிகள், தடுப்பூசி போட வேண்டிய குழந்தைகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் ஏற்றி, இந்தத் துணை சுகாதார நிலையத்துக்கு ஓர் ஆள் போதும், அதற்கு இரண்டு பேர் வேண்டும் என்று எழுதி அனுப்புவேன். கேட்கிறவர்களுக்குக் கொட்டாவி வரும். எனக்கு இந்த வேலை பிடிக்கும்.

சில வருடங்களுக்கு முன் அந்தப் படிவத்தில் நானாகவே ஒரு கேள்வியைச் சேர்த்தேன். 'இப்போதிருக்கும் ஊழியரால் வேலையைச் சமாளிக்க முடிகிறதா?' ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். வெறும் எண்களை நம்பாமல் ஆளையே கேட்கிறோமே என்று எனக்குப் பெருமை வேறு.

அந்தப் படிவத்தோடு, விசைத்தறிச் சத்தம் ஓயாத ஓர் ஊருக்குப் போனேன். அங்கிருந்த கிராம செவிலியருக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. சுற்றியுள்ள குக்கிராமங்களும் ஒரு நூல் மில்லின் குடியிருப்பும் அவர் ஒருவரின் பொறுப்பு. எனக்கு மோர் கொடுத்தார். ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தார். நான் கேள்வியைக் கேட்டேன்.

"சமாளிச்சுக்கறேனுங்க மேடம்."

குழந்தைகளோடு காத்திருந்த பெண்களையும் கேட்டேன். "ஒரு குறையுமில்லீங்க, தங்கமானவங்க," என்றார்கள். 'ஆம்' கட்டத்தில் டிக் போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

பக்கத்து நிலையத்தின் செவிலியர் தென்மாவட்டத்துக்காரர். அதே கேள்விக்கு முடியவே முடியாது என்று சொல்லி, காரணங்களை இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். அந்த வருடம் வந்த ஒரே கூடுதல் பணியிடம் அவருடைய நிலையத்துக்குப் போனது.

பணியிடப் பட்டியல் வந்த சில நாட்களில் மோர் கொடுத்த அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"ஏனுங்க மேடம், நமக்கு ரெண்டாவது ஆளு எப்பங்க வாராங்க?"

வரவில்லை என்றேன். அவர் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். கர்ப்பப்பையில் கட்டி. உதிரப்போக்கு நிற்கவில்லை. எடுத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லி ஒரு வருடமாகிறது. "மாத்து ஆளு இல்லாம ஒன்றரை மாசம் எப்படீங்க லீவு போடறது? ஆளு வந்துருமுன்னு நெனச்சு ஆபரேஷனுக்கு நாள் வாங்கிப்போட்டேனுங்க."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "நீங்கதானே சமாளிச்சுக்கறேன்னு சொன்னீங்க?"

"மொத தடவையா வந்து உக்காந்திருந்தீங்க. வந்தவங்ககிட்ட முடியலீன்னு எப்படீங்க சொல்றது?"

போனை வைத்த பிறகு கோபம் என்மேலேயே திரும்பியது. நானும் இந்தக் கோவைப் பக்கத்துக்காரிதான். எங்கள் வீட்டில் விருந்தாளி 'போதுமுங்க' என்றால் இன்னும் இரண்டு இட்லி வைப்போம். அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? கையில் படிவம் இருந்தால் இந்த மண்டைக்கு எல்லாம் மறந்துவிடும் போலிருக்கிறது.

அடுத்த வாரம் ஒரு நாள் முழுக்க அவர் பின்னால் அலைந்தேன். காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்த் தடுப்பூசிப் பெட்டியை வாங்கிவந்தார். டவுன் பஸ்ஸுக்கு நின்றார். பஸ் போகாத இடத்துக்கு நடந்தார். மில் குடியிருப்பில் ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்களில், என் பட்டியலில் பெயரே இல்லாத கைக்குழந்தைகள் இருந்தன. அவற்றுக்கும் எடை பார்த்தார். ஊசி போட ஆகும் நேரத்துக்கு என் கணக்கில் இடம் இருந்தது. நடக்கிற நேரத்துக்கு இல்லை. மதியம் தண்ணீர்த் தொட்டி நிழலில் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். என்னைப் பார்த்ததும் கையை எடுத்துவிட்டார்.

"கடைசியா எப்பங்க சேர்ந்தாப்பல நாலு நாள் லீவு போட்டீங்க?" என்று கேட்டேன்.

யோசித்தார். "பெரிய பொண்ணு கல்யாணத்துக்குங்க." அந்தப் பெண்ணின் மகள் இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறாளாம்.

அலுவலகத்தில் பட்டியல் முடிந்துவிட்டது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றார்கள். அதிகாரியின் அறை வாசலில் மூன்று நாள் போய் நின்றேன். தப்பு என்னுடையது என்று எழுதியும் கொடுத்தேன். கடைசியில், தற்காலிகமாக ஒருவரை அனுப்ப ஒப்புக்கொண்டார்கள். புதிய பணியிடம் இன்றுவரை வரவில்லை, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அந்தப் படிவத்திலிருந்து என் கேள்வியை நானே அடித்துவிட்டேன்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் அவரைப் பார்க்கப் போனேன். முகம் வெளுத்திருந்தது. என்னைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தார். பிடித்துப் படுக்க வைத்தேன். அப்போது வார்டு நர்ஸ் சார்ட்டோடு வந்தார்.

"வலி இருக்காம்மா?"

"கொஞ்சந்தானுங்க. பொறுத்துக்கறேனுங்க."

நர்ஸ் எழுதப் போனார். "எழுதாதீங்க சிஸ்டர், இன்னொருக்கா கேளுங்க," என்றேன்.

நர்ஸ் குனிந்து மறுபடியும் கேட்டார். அந்த அம்மா என்னைப் பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"வலிக்குதுங்க," என்றார். "ரொம்ப வலிக்குதுங்க."