மெத்தையில் வந்த அம்மாள்

ஈர வேப்பிலையின் கசப்பு மணம் எங்கே மூக்கில் பட்டாலும் என் முழங்கை தானாக அரிக்கத் தொடங்கிவிடும். எனக்கு அப்போது எட்டு வயது. வன்னியிலிருந்து பாரிசுக்கு வந்து சில மாதங்கள்தான். மார்க்ஸ் டோர்மோய் என்ற பகுதியில் ஐந்தாம் மாடியில் ஒற்றை அறை. பாம்பு, "மட்டத்தேள்", "நுளம்பு" என்று கடிக்கிற சாமான் அத்தனையையும் ஊரோடு விட்டுவிட்டு வந்தோம் என்பதில் அம்மாவுக்குப் பெரிய நிம்மதி. "இந்தக் குளிருக்குள்ளை பூச்சி பூரான் சீவிக்குமே?" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகக் கேட்பார்.

அப்போதுதான் அப்பா, உணவகத்தில் கோப்பை கழுவிவிட்டு வரும் வழியில், தெருவோரம் யாரோ வைத்துவிட்டுப் போன மெத்தை ஒன்றை ஐந்து மாடியும் தூக்கி வந்தார். "நல்ல மெத்தை, சும்மா கிடந்தது" என்றார். அதுவரை தரையில் கம்பளி விரித்துப் படுத்த எனக்கு அது ராச வாழ்க்கை. அம்மாவும் அப்பாவும் தரையிலேயே படுத்தார்கள்.

நாலாம் நாள் எழும்பியபோது கையிலும் கழுத்திலும் சிவப்புச் சிவப்பாய்ப் பொட்டுகள். தடிமனும் சளியுமாய்க் காய்ச்சல் வேறு. அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. "அம்மாள் வருத்தம்" என்றார். அம்மையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் மரியாதையாகச் சொல்வார்கள். தமிழ்க் கடைகள் இருக்கிற லா சப்பலுக்கு ஓடிப்போய் வேப்பிலை வாங்கி வந்து மெத்தையைச் சுற்றி அடுக்கினார். மீன், இறைச்சி நின்றது. எனக்குத் தலைக்குத் தண்ணீர் வார்க்கும்வரை யாரும் என்னை வாசல் தாண்டவிடக் கூடாது என்று உத்தரவு.

ஆனால் திங்கட்கிழமை எங்களுக்கு "ரண்டேவூ". விசா தரும் அலுவலகத்தில், வந்த நாள் முதல் காத்திருந்து கிடைத்த நேரம். மூவரும் நேரில் வரவேண்டும் என்று கடிதம். தவறவிட்டால் மறுபடி எப்போது கூப்பிடுவார்களோ, கூப்பிடவே மாட்டார்களோ.

"இஞ்சாரும், பிள்ளையைப் போர்த்துக் கூட்டிக்கொண்டு போவம்" என்று அப்பா கெஞ்சினார்.

"அம்மாளை உடம்பிலை வைச்சுக்கொண்டு வெளிக்கிடுறதோ? பிள்ளைக்கு ஏதும் நடந்தா?" என்று அம்மா அழுதார். என்னால்தான் எல்லாம் கெட்டது என்று நானும் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதேன்.

சனிக்கிழமை வேலையால் அலுத்து வந்த அப்பா, பகலில் என்னோடு அதே மெத்தையில் தூங்கிப்போனார். எழும்பினால் அவர் கையிலும் அதே பொட்டுகள், வரிசையாக மூன்று. அப்பாவுக்குச் சின்ன வயதிலேயே அம்மாள் வந்து போனதற்கு நெற்றியில் தழும்பு இருந்தது. "எனக்குத்தான் ஒருக்கா வந்திட்டுதே, திருப்பி என்னெண்டு வரும்?" என்று யோசித்தவர், மெத்தையைப் புரட்டித் தையல் ஓரத்தை விரித்தார். கூட்டமாக மூட்டைப்பூச்சி! அம்மாவின் வேப்பிலையை ஒரு சதத்துக்கும் மதிக்காமல் ஓடித் திரிந்தன.

"மூட்டையோ!" என்று அம்மா கைகூப்பினார், சிரித்தார், என்னைக் கட்டிப்பிடித்து மறுபடி அழுதார். வீட்டில் மூட்டைப்பூச்சி என்று அறிந்து இவ்வளவு சந்தோசப்பட்ட குடும்பம் பாரிசில் வேறு இருந்திருக்காது. உடுப்பெல்லாம் கொதிதண்ணீரில் அவிந்தன. மெத்தையை அப்பா கத்தியால் நீளத்துக்குக் கிழித்தபிறகுதான் தெருவில் கொண்டுபோய் வைத்தார். "இல்லாட்டி என்னைப்போலை இன்னொரு புது ஆள் தூக்கிக்கொண்டு போயிடுவான்" என்றார். திங்கட்கிழமை நான் கையைச் சொறிந்துகொண்டே வரிசையில் நின்றேன். விசா கிடைத்தது.

இன்று நான் பாரிசுக்கு வெளியே திரான்சியில் இருக்கிறேன். அந்தப் பழைய கட்டடத்தில் லிப்ட் வந்துவிட்டது. போன மாதம் லா சப்பலில் சாமான் வாங்கப் போனேன். தெருவோரத்தில் ஒரு மெத்தை. ஒரு நுனியை ஒருவர் பிடித்திருந்தார், மறுநுனியை அவருடைய சின்ன மகள்.

நான் நின்று பார்ப்பதைக் கண்டு, "நல்ல மெத்தை அக்கா, சும்மா கிடந்தது" என்றார்.

"கொஞ்சம் பொறுங்கோ தம்பி."

பையைக் கீழே வைத்துவிட்டு, தையல் தையலாக, நான்கு மூலையும் விரித்துப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. அந்தப் பிள்ளையிடமிருந்து மறுநுனியை வாங்கிக்கொண்டு அவர்களுடைய நாலு மாடியும் ஏறினேன்.