ஐந்து நொடி கழித்துச் சிரிப்பவர்

அந்தப் படத்தைப் பற்றி எல்லாரும் ஒரே வரியைத்தான் சொன்னார்கள். மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் போனால் ரசிக்கலாம். யூடியூபில் விமர்சனம் சொன்ன பையனும் அதையே சொன்னான், செய்தித்தாளில் எழுதியவரும் அதையே எழுதினார். பெங்களூரில் இருக்கும் என் மகனும் போனில் சொன்னான். "கோடை லீவுக்குன்னு எடுத்த மொக்கை ஸ்பை படம்மா. மூளையை வீட்ல வெச்சிட்டுப் போங்க."

என் கணவருக்கு மூளையில் ரத்தக்குழாய் அடைத்துப் பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. மிச்சம் இருக்கிற மூளையை முழுவதும் கொண்டுபோனால்தான் அவரால் ஒரு படம் பார்க்க முடியும். இதை மகனிடம் சொன்னேன். அவன் பேச்சை மாற்றினான். மாற்றட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

அவர் மருந்து கம்பெனியில் விற்பனை வேலை பார்த்தவர். டாக்டரிடம் இங்கிலீஷ், மருந்துக் கடையில் தெலுங்கு, சார்மினார் பக்கம் போனால் அந்த ஊர் உருது, வீட்டில் பாளையங்கோட்டைத் தமிழ் என்று முப்பது வருடம் பேசியே சம்பாதித்தார். ஒரு நாள் காலையில் பல் தேய்க்கும்போது விழுந்தார். எழுந்தபோது தமிழ் மட்டும்தான் மிச்சம் இருந்தது. அதுவும் இரண்டு சொல், மூன்று சொல். மற்ற பாஷைகள் எல்லாம் அவர் காதில் விழும், ஆனால் உள்ளே போகாது. வலது கையும் வலது காலும் பாதிதான் வேலை செய்தன. அதோடு ஒன்று. யாராவது வேடிக்கையாக ஏதாவது சொன்னால் அது அவருக்குப் போய்ச் சேர ஐந்து நொடி ஆகும். பிறகு சிரிப்பார். சத்தமாக, அடிவயிற்றிலிருந்து, நிறுத்த முடியாமல்.

இந்தச் சிரிப்பால்தான் எங்களைக் கோயிலில் இடம் மாற்றினார்கள். போதகர் பிரசங்கத்தில் ஒரு வேடிக்கை சொன்னார். சபை சிரித்து முடித்தது. அவர் சிலுவைப்பாடுகளுக்கு வந்துவிட்டார். அப்போது என் கணவர் சிரித்தார். அடுத்த வாரம் ரொம்ப அன்பாகச் சொன்னார்கள், கைக்குழந்தைக்காரிகள் உட்காரும் கண்ணாடி அறையில் எங்களுக்கு நாற்காலி போட்டிருப்பதாக. ஸ்பீக்கர் இருக்கிறது, பேன் இருக்கிறது, சௌகரியமாக இருக்கும் என்றார்கள். நான் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். மைதானத்தின் அந்தக் கோடியில் இருக்கிற பிள்ளைக்குக் கேட்கும்படி பேசுகிறவள். அன்று ஒன்றும் பேசாமல் கண்ணாடி அறைக்குப் போனேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மீதே கோபம் வருகிறது.

அதற்குப் பிறகு அவர் எங்கே போகவும் கேட்டதில்லை. பிசியோதெரபிக்கும் கோயிலுக்கும் நான் கூப்பிட்டால் வருவார், அவ்வளவுதான். அப்படி இருக்கும்போது ஒரு நாள் என் போனில் அந்தப் படத்தின் டிரெய்லர் ஓடியது. அவர் இடது விரலால் திரையைத் தட்டி, "போவோமா?" என்றார்.

கண்ணாடி அறைக்குப் போன எட்டு மாதத்தில் அவராக வாய்விட்டுக் கேட்ட முதல் காரியம் அது. படம் குப்பையாக இருந்தால் எனக்கென்ன? போய் உட்கார்ந்து முழுவதும் பார்த்து வர வேண்டும். இதுவும் கெட்டுப்போனால் மனிதர் இனிமேல் எதையும் கேட்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

ஹைதராபாதில் தமிழ்ப் படம் வந்தால் தெலுங்கில்தான் ஊர் முழுக்க ஓடும். தமிழில் ஒரே ஒரு காட்சி போடுவார்கள், அதுவும் யாருக்கும் வேண்டாத நேரத்தில். இந்தப் படத்துக்கு ஹப்சிகுடா பக்கம் ஒரு மாலில் ஞாயிறு காலை ஒன்பதரை. எங்கள் தமிழ் ஆராதனையும் ஒன்பதரை. நான் இரண்டு நிமிடம் யோசித்தேன். படியேற வேண்டாம் என்று கீழிருந்து நான்காவது வரிசையில் ஓரமாக இரண்டு சீட் போட்டேன். மாரெட்பள்ளி வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்துப் போனோம். அவர் கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையையே போட்டிருந்தார்.

அரங்கு முக்கால்வாசி நிறைந்திருந்தது. எல்லாம் ஐ.டி. வேலைக்கு வந்த தமிழ்ப் பிள்ளைகள். அமீர்பேட் ஹாஸ்டலிலிருந்து கும்பலாக வந்தவர்கள், கைக்குழந்தையோடு வந்த இளம் தம்பதிகள். ஹீரோ பெயர் வந்ததும் விசிலடித்தார்கள், காகிதம் கிழித்துப் போட்டார்கள். அதையெல்லாம் யாரும் தொந்தரவு என்று சொல்லவில்லை. இதை ஞாபகம் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

படம் உண்மையிலேயே லேசான படம்தான். ஒற்றன் பல் டாக்டர் வேஷம் போடுகிறான். வில்லனின் கடைவாய்ப் பல்லுக்குள் ஒரு ரகசியச் சில்லு இருக்கிறது. ஒற்றன் தப்பான பல்லைப் பிடுங்குகிறான். மறுபடியும் தப்பான பல். அரங்கு சிரித்தது. அரங்கு ஓய்ந்த பிறகு என் கணவர் சிரித்தார். நான்கைந்து தலைகள் திரும்பின. அடுத்த தடவை யாரோ "ஷ்ஷ்" என்றார்கள். அதற்கடுத்த தடவை மூன்று பேர் சொன்னார்கள். அவர் சிரிப்பில் அடுத்த வசனம் மூழ்கிப்போகிறது, அது உண்மை. நான் மறுக்கவில்லை.

பிறகு ஒற்றனின் கூட்டாளிக்குக் குண்டடி படுகிறது. சோகப் பாட்டு, மழை, மடியில் தலை. குண்டடிக்கு ஒரு கணம் முன்னால்தான் ஒற்றன் மூன்றாவது தப்பான பல்லைப் பிடுங்கியிருந்தான். கூட்டாளி கடைசி வார்த்தை பேச வாயைத் திறந்தான், என் கணவர் கெக்கெக்கென்று சிரித்தார்.

எங்களுக்கு இரண்டு வரிசை பின்னாலிருந்து ஒரு பையன் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்: "மச்சி, பெருசு இன்னும் டூஜி நெட்வொர்க்ல இருக்காரு போல. ஜோக் இப்பதான் டவுன்லோட் ஆகுது."

படத்துக்குச் சிரிக்காதவர்களும் அதற்குச் சிரித்தார்கள்.

நான் எழுந்து திரும்பி நின்றேன். "யாருப்பா அது? நல்ல ஜோக்குதான், எல்லாரும் சிரிச்சிட்டீங்க. இதுவும் அவருக்கு அஞ்சு செகண்ட் கழிச்சுத்தான் புரியும். புரிஞ்சதும் அவர் முகம் எப்படி ஆகுதுன்னு பாருங்க. எல்லாரும் பாருங்க."

தலைகள் எல்லாம் அவர் பக்கம் திரும்பின. திரையில் மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

அவர் சிரித்தார். தலையைப் பின்னால் சாய்த்து, தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். அவருக்கு அந்த ஜோக் ரொம்பப் பிடித்துவிட்டது. அரங்கு வெடித்தது. நின்றுகொண்டிருந்த நான் முட்டாளாகிப்போனேன்.

ஆனால் ஜோக் புரிவது வேறு, யாரைப் பற்றிய ஜோக் என்று புரிவது வேறு. அதற்கு இன்னும் கொஞ்ச நேரம் ஆனது. அவர் சிரிப்பு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. திரும்பிப் பின்னால் பார்த்தார், என்னைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். இதை நானும் இருட்டில் பக்கத்திலிருந்த இரண்டொருவரும்தான் பார்த்தோம். மற்றவர்கள் அதற்குள் படத்துக்குத் திரும்பியிருந்தார்கள்.

இடைவேளையில் வெளியே பெஞ்சில் உட்கார வைத்துப் பாப்கார்ன் வாங்கிக் கொடுத்தேன். "வீடு," என்றார். ஒரே சொல்.

அந்த நேரம் ஒரு பையன் வந்தான். டூஜி பையன் இல்லை, வேறொருவன். பின்னாலேயே தியேட்டர் மேனேஜர்.

பையன் மரியாதையாகத்தான் பேசினான். "ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. வாரத்துக்கு ஒரு ஷோதான் தமிழ்ல வருது. அங்கிளைக் கொஞ்சம் கடைசி வரிசையில உக்கார வெச்சா..."

"கடைசி வரிசைக்குப் போனா சிரிப்பு கேக்காதா? என்ன தம்பி கணக்கு இது?"

"இல்ல ஆன்ட்டி, டயலாக் மிஸ் ஆகுதுல்ல."

"நீங்க விசிலடிச்சதுல அவருக்கு ஹீரோ பேசுன முதல் வசனம் மிஸ் ஆச்சு. நாங்க வந்து சொன்னோமா?"

மேனேஜர் தெலுங்கில் குறுக்கிட்டார். அம்மா, வார நாளில் வாருங்கள், கூட்டமே இருக்காது, இரண்டு டிக்கெட் இலவசமாகத் தருகிறேன், ஐயா நிம்மதியாகப் பார்க்கலாம் என்றார். வார நாளில் ஓடுவது தெலுங்குப் படம். என் கணவருக்குத் தெலுங்கு போய்விட்டது என்று சொன்னேன். போய்விட்டது என்றால் என்னவென்று மேனேஜருக்குப் புரியவில்லை. புரிய வைக்க எனக்குப் பொறுமையும் இல்லை. "நக்கோ," என்றேன். வேண்டாம் என்பதற்கு இந்த ஊரில் அதைவிடச் சுருக்கமான சொல் கிடையாது.

அவர்கள் போனதும் போனைப் பார்த்தேன். ஒன்பது அழைப்புகள், எல்லாம் எங்கள் கோயில் பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளர். திரும்ப அழைத்தேன்.

"அக்கா! ஐயா எந்த ஆஸ்பத்திரில இருக்காங்க?"

"ஆஸ்பத்திரியா? ஏன்?"

"கண்ணாடி ரூம்ல நீங்க ரெண்டு பேரும் இல்லையே. பத்து நாள் மழை பெஞ்சப்பகூட விடாம வந்தீங்களே. மறுபடியும் அட்டாக் வந்திருச்சுன்னு சபையில ஐயா பேரைச் சொல்லி ஜெபம் பண்ணிட்டோம். எல்லாரும் முழங்கால்ல நின்னோம் அக்கா. ரெண்டு பேர் அழுதுட்டாங்க."

"நாங்க சினிமாவுக்கு வந்திருக்கோம்."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஆராதனை நேரத்துலயா அக்கா?"

"வேற நேரத்துல தமிழ்ல போட மாட்டாங்க."

"இப்ப போதகர்ட்ட நான் என்ன சொல்றது?"

"ஜெபம் கேட்கப்பட்டதுன்னு சொல்லு. ஆள் நல்லா இருக்கார், சிரிக்கிறார்."

போனை வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினேன். "உங்களுக்கு மறுபடியும் அட்டாக்காம். சபையே முழங்கால்ல நின்னுருக்கு. நீங்க இங்க உக்காந்து பாப்கார்ன் திங்கிறீங்க."

அவர் என்னையே பார்த்தார். நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். ஐந்துக்கு வந்ததும் தோள் குலுங்கியது. கைக்குட்டையோடு சிரித்தார், கண்ணில் நீர் வரச் சிரித்தார். டிக்கெட் கிழிக்கும் பெண் எட்டிப் பார்த்தாள்.

"வீட்டுக்கா, உள்ளயா? நீங்க சொல்லுங்க," என்றேன். "வீடுன்னா இப்பவே ஆட்டோ பிடிக்கிறேன். உள்ளன்னா எவன் சொன்னாலும் சீட் மாற மாட்டேன்."

நேரம் எடுத்துக்கொண்டார். அவரை அவசரப்படுத்தக் கூடாது.

"உள்ள," என்றார்.

இரண்டாம் பாதி இன்னும் அபத்தம். செத்த கூட்டாளி சாகவில்லை. கேபிள் காரில் சண்டை. அரங்கு சிரித்துக்கொண்டே இருந்தது. என் கணவர் கைக்குட்டையை வாயோடு அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தார். உடம்பு மட்டும் குலுங்கும், சத்தம் வராது. மூச்சு முட்டி முகம் சிவந்தது. கண்ணாடி அறை இப்போது அவர் வாய்மேலேயே வந்துவிட்டது என்று தோன்றியது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கைக்குட்டையைப் பிடுங்கி என் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தேன்.

"தா," என்றார்.

"தர மாட்டேன். சிரிச்சா சிரிங்க."

"தாட்டி." பாளையங்கோட்டை 'ட்டி', கோபம் வந்தால்தான் அவர் வாயில் வரும்.

"சத்தமாவே சிரிங்க. நான் இருக்கேன்."

நான் செய்தது சரியா என்று கேட்காதீர்கள். அவர் சம்மதம் கேட்டுப் பிடுங்கவில்லை. அடுத்த வேடிக்கைக்கு உதட்டைக் கடித்தார், பிறகு முடியவில்லை. வந்துவிட்டது. பின்னால் "ஐயோ" என்றார்கள், "மறுபடியுமா" என்றார்கள். ஒருவர் எழுந்து வேறு இடத்துக்குப் போனார். போகட்டும். தாமதமாகச் சிரிக்கிறவனும் ஜோக்குக்குத்தான் சிரிக்கிறான். படம் முடிகிறவரை சிரித்தார். படம் முழுவதும் அவருக்குப் புரிந்தது. அவருக்குப் புரிந்தது என்று அந்தச் சத்தத்தை வைத்துத்தான் எனக்குத் தெரியும்.

முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது மேனேஜர் குனிந்தபடி வந்து என் காதருகே பேசினார். பின் பக்கம் ஊழியர்களுக்கான லிப்ட் இருக்கிறது, இப்போதே கிளம்பினால் நெரிசல் இருக்காது, ஐயாவை நானே கூட்டிப்போகிறேன் என்றார். அவர் நல்ல எண்ணத்தில் சொன்னாரா, எங்களைக் கண்ணில் படாமல் வெளியேற்றச் சொன்னாரா, தெரியாது. ஆனால் வெளியேறும் வழி முழுக்கப் படி. அவர் காலை நினைத்து எனக்கே லிப்ட் நல்லது என்று பட்டது. எழுந்து கையை நீட்டினேன்.

என் கணவர் என் கையைப் பிடிக்கவில்லை. திரையைக் காட்டி, "முடியல," என்றார். கடைசிப் பெயர் ஓடி விளக்கு எரியும்வரை அசையவில்லை. மேனேஜர் போய்விட்டார்.

வெளியேறும் கதவைத் தாண்டினால் கார் நிறுத்துமிடத்துக்கு இறங்கும் குறுகலான படிக்கட்டு. பக்கவாட்டில் ஒரு கைப்பிடி. அவர் இடது கையால் கைப்பிடியைப் பிடித்தார், வலது காலை முதலில் இறக்கினார், பிறகு இடது கால். பிசியோதெரபியில் சொல்லிக்கொடுத்தது. ஒரு படிக்கு அவ்வளவு நேரம். நான் அவர் வலது பக்கம் இடுப்பைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேரும் நின்றால் படிக்கட்டில் வேறு ஆள் போக இடமில்லை. நாலு படி இறங்குவதற்குள் பின்னால் அரங்கு முழுவதும் வந்து நின்றுவிட்டது.

"யோவ், என்னய்யா மேல நிக்கிறீங்க? நகருங்க."

"முன்னாடி டிராபிக் ப்ரோ."

"யாரு, அந்தப் பெருசா?"

"ஆமா, டூஜி."

யாரும் இந்தத் தடவை அவ்வளவாகச் சிரிக்கவில்லை. கைக்குழந்தை ஒன்று அழுதது. ஒரு பெண் குரல், "அவங்க மெதுவா போகட்டும்பா, உனக்கென்ன அவசரம்?" என்றது. இன்னொரு குரல், "பார்க்கிங் டைம் முடியுது," என்றது.

என் கழுத்தில் வேர்த்தது. இவ்வளவு நேரம் வாய்ச்சவடால் அடித்த எனக்கு, முதுகில் நூறு பேர் மூச்சு விட்டதும் பயம் வந்துவிட்டது. யாராவது இடித்தால் அவர் உருண்டு விழுவார். அவர் காதருகே குனிந்தேன். "என்னங்க, கொஞ்சம் சுவரோரமா நிப்போம். இவங்க எல்லாம் போயிரட்டும். அப்புறம் நாம இறங்குவோம்."

அவர் நின்றார். எனக்குப் பின்னால் இருந்த கூட்டமும் நின்றது. நான் சொன்னது அவருக்குப் போய்ச் சேர வேண்டும். காத்திருந்தேன். கூட்டமும் வேறு வழியில்லாமல் காத்திருந்தது.

"ஓரமா நிக்க மாட்டேன்," என்றார். பதினான்கு மாதத்தில் அவர் முழுதாகச் சொன்ன முதல் வாக்கியம். குரல் அந்தப் படிக்கட்டில் நன்றாகவே எதிரொலித்தது. "நடட்டி."

வலது காலை இறக்கினார். பிறகு இடது கால். நான் இடுப்பைப் பிடித்த கையை இறுக்கிக்கொண்டு, மற்ற கையை எதிர்ச் சுவரில் ஊன்றி வழியை அடைத்துக்கொண்டேன். இன்னும் பதினேழு படி இருந்தது. எல்லாரும் எங்கள் பின்னால், எங்கள் வேகத்தில் இறங்கினார்கள்.