வளைக்குள் இருந்த விதைநெல்

தை பிறந்து நெற்கதிர்கள் தலைசாயும் நாள்களில், அறுவடைக்கு முந்திய ஒரு சனி ஞாயிறை வளைகளை அகழ்ந்து எலி பிடிக்கும் எலி வெட்டுக்கென்றே ஒதுக்குவது எங்கள் வீட்டு வழக்கம். மதுரையில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் நான் அந்த இரண்டு நாள்களுக்காக ஆண்டுதோறும் சாயல்குடிக்குப் போகிறேன். ஊருக்குத் தெற்கே, உப்பளங்களின் வெண்மை கண்ணுக்குத் தெரியும் தொலைவில், என் அண்ணனுக்கு ஒரு துண்டு வானம்பார்த்த வயல் உண்டு. அண்ணன் வெளிநாட்டில் வேலை பார்க்கிறார். உழுவதும் விதைப்பதும் காப்பதும் அவர் மனைவி, என் மதினிதான்.

நான் சொல்ல வருவது சென்ற ஆண்டின் எலி வெட்டைப் பற்றி. அந்த ஆண்டு வயலின் கிழக்கு மூலையில், ஒரு வீட்டுக் கூடத்தின் அளவுக்கு, மதினி தனியாக ஒரு நெல்லை விதைத்திருந்தார். நான்கு பக்கமும் பனைமட்டைகளை ஊன்றிக் கயிறு கட்டியிருந்தார். அந்த மண் உவர் ஏறிய மண். கடையில் வாங்கும் விதை முளைத்து ஒரு சாண் வளர்ந்ததும் நுனி கருகிவிடும். முதுகுளத்தூருக்கு அப்பாலுள்ள தம் பிறந்த வீட்டிலிருந்து உவரைத் தாங்கும் நெல் ஒரு படி வாங்கி வந்து, அதைப் பெருக்கி மறு ஆண்டு வயல் முழுவதும் விதைப்பது என்று எண்ணியிருந்தார். அதற்குள் பிறந்த வீட்டில் மழை பொய்த்து, அங்கே இருந்த நெல்லும் போய்விட்டது. ஆகவே அந்த நெல் இனி எங்காவது இருக்கிறதென்றால், அந்தக் கயிற்றுக்குள் இருப்பதுதான். கதிர் இன்னும் இரண்டு வெயில் காயட்டும், திங்கட்கிழமை அறுத்துவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எலி வெட்ட வருபவர்கள் கணவனும் மனைவியுமாக இருவர். பதினோர் ஆண்டுகளாக அவர்களே வருகிறார்கள். அவர்களோடு காது மடிந்த ஒரு செவலை நாயும் வரும். சனிக்கிழமை காலை, வரப்பில் பனி கண்ணாடித் துகள்போலக் கிடக்கையில், ஆண்டுதோறும் சொல்வதையே மதினி அவர்களிடம் சொன்னார்.

"எலியும் ஒங்களுக்கு, வளைக்குள்ள கெடக்குற நெல்லும் ஒங்களுக்கு. அதுல நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"தொறந்தாலும் விட்ருவமாக்கும்" என்று அந்த அம்மாள் சிரித்தார்.

அது வெறும் பேச்சு அன்று. எலி வெட்டுக்குக் கூலி என்று தனியாக எதுவும் இல்லை. வளைக்குள் எலிகள் சேர்த்து வைத்திருக்கும் கதிர்தான் கூலி. நிலத்துக்காரர் அதில் ஒரு மணியைக்கூடத் தொடுவதில்லை. கண்ணெதிரே மூட்டையாகக் கட்டிக்கொண்டு போனாலும், எவ்வளவு இருந்தது என்று கேட்பது அங்கே நாகரிகமாகாது.

அவர்கள் வேலை செய்யும் முறை எனக்கு ஒவ்வோர் ஆண்டும் புதிதாகவே தோன்றுகிறது. வரப்பை நெடுகப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள். வளையின் வாய்களையெல்லாம் சேறு வைத்து அடைத்துவிட்டு ஒன்றை மட்டும் விடுவார்கள். அடியில் துளையிட்ட மண்பானைக்குள் வைக்கோலும் எருவும் திணித்து நெருப்பிட்டு, பானையின் வாயை வளையின் வாயோடு பொருத்தி, அந்த அம்மாள் துளையில் வாய் வைத்து ஊதுவார். புகை உள்ளே போகும். மறுபக்கத்தில் கணவர் கடப்பாரையோடு நிற்பார். ஆனால் ஒவ்வொரு வளைக்கும் வெளியே தெரியாத ஒரு வழி இருக்கும். மேலே மெல்லிய மண்ணை மட்டும் போர்வைபோல விட்டு, உள்ளிருந்து எலி தோண்டி வைத்திருக்கும் தப்பும் வழி. அதைக் கணவர் விரலால் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தார். என் கையில் ஒரு பனைமட்டையைக் கொடுத்து அங்கே நிறுத்தினார்கள்.

"இங்கனயே நில்லுங்க டீச்சர். மண்ணு லேசா அசைஞ்சா ஒரே அடி. வேற எங்கனயும் பாக்காதீக."

நின்றேன். புகை முதலில் மண்ணின் வெடிப்புகளில் நூல்நூலாகக் கசிந்தது. பிறகு வரப்பு முழுவதுமே மெல்ல மூச்சு விடுவதுபோல இருந்தது. எருப்புகையின் மணமும் பனியில் நனைந்த வைக்கோலின் மணமும் கலந்து கண்ணிமைகளைக் கனக்கச் செய்தன. அந்தப் புகையினூடே பார்த்தபோது தெற்கே உப்புக் குவியல்கள் தரையை விட்டுச் சற்று எழுந்து மிதந்தன. அவற்றுக்கு அப்பால் கடல் இருக்கிறது என்பதை ஒலி மட்டுமே சொல்லிற்று. அந்த ஒலியும் காற்று விரும்பியபோது மட்டுமே வந்தது. அப்போது உப்பளத்தின் மேலே, வானுக்கும் வெண்மைக்கும் நடுவில், இளஞ்சிவப்பில் ஒரு கோடு எழுந்தது. பூநாரைகள். கோடு வளைந்தது, நெளிந்தது, ஒரு கணம் முழுவதும் வெள்ளையாகி மறைந்தது, திரும்பும்போது மீண்டும் சிவந்தது. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று எனக்குத் தெரியாது. கால் விரல்களின் மேல் ஏதோ மென்மையாக ஓடிற்று. பனி நீர் வழிகிறது என்றே எண்ணினேன். பிறகு மீண்டும் ஓடிற்று.

நாய் குரைத்தபோதுதான் குனிந்தேன். மண்ணில் ஒரு கைப்பிடி அளவுக்குத் துளை திறந்து கிடந்தது. அதன் வாயில் நின்ற என் கால்களைத் தாண்டி, கடைசி எலியின் வால் நெற்பயிருக்குள் நுழைந்துகொண்டிருந்தது.

அந்த அம்மாள் பானையிலிருந்து முகத்தை எடுத்து, மேலே பறந்த பூநாரைகளையும் என்னையும் பார்த்தார். கன்னமெல்லாம் கரி. "டீச்சரு கண்ணத் தொறந்துக்கிட்டே தூங்குவாக போல" என்றார். கணவர் குனிந்தார். ஈர மண்ணில் பதிந்த கால் தடங்களை எண்ணிப் பார்த்து, ஏழெட்டு போயிருக்கும், அதில் ஒன்று பெரிய தாய் எலி என்று மதினியிடம் தெரிவித்தார். அவை போன திசை கிழக்கு.

அன்று மாலைக்குள் மேற்கு வரப்பும் நடு வரப்பும் முடிந்தன. முப்பதுக்கு மேல் எலிகள் அகப்பட்டன. வளைகளில் நெல் அவ்வளவாக இல்லை. கிழக்கு மூலையை மறுநாள் காலை முதல் வேலையாக வெட்டுவது என்று சொல்லிவிட்டு அவர்கள் போனார்கள். விளக்கேற்றும் நேரத்தில் அண்ணன் கைப்பேசியில் அழைத்தார். முதல் கேள்வியே விதைநெல்லைப் பற்றித்தான். நல்லா இருக்கு, திங்கட்கிழமை அறுத்துவிடலாம் என்றார் மதினி. என் கால் விரல்களின் மேல் ஓடியவற்றைப் பற்றி அவர் அண்ணனிடம் சொல்லவில்லை.

ஞாயிறு விடியலில் நாங்கள் போனபோது கயிறு கட்டியபடியே இருந்தது. பனைமட்டைகளும் நின்றன. அவற்றுக்குள் கதிர்கள் இல்லை. தாள்கள் மட்டும், ஒரே உயரத்தில், ஒரே சாய்வில், கதிரற்றுப் பனி சொட்ட நின்றுகொண்டிருந்தன. ஓரிரவில் இத்தனையை ஓர் எலி செய்திருக்க முடியாது. முந்தைய நாள் என் காலைத் தாண்டியவையும் மற்ற வரப்புகளில் தப்பியவையும் அங்கே கூடியிருக்க வேண்டும். மதினி வரப்பில் உட்கார்ந்தார். ஒரு தாளை மட்டும் பிடுங்கி, வெட்டுப்பட்ட நுனியைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

இருவரும் வந்தார்கள். அந்த அம்மாள் கயிற்றுக்குள் பார்த்தார், பிறகு மதினியைப் பார்த்தார். நாய்தான் முதலில் நகர்ந்தது. தாளடியில் மணிகள் சிந்தியிருந்தன. சாணுக்கு ஒன்று, முழத்துக்கு ஒன்று என்று அவை ஊருணிக் கரையை நோக்கிப் போயின. அங்கே ஒரு கருவேல மரத்தின் வேருக்கடியில் வளை இருந்தது. இம்முறை தப்பும் வழியில் என்னை நிறுத்தவில்லை. கணவர் அங்கே நாயை நிறுத்தினார்.

எலிகள் பிடிபட்ட பிறகு மண்ணை அகழ்ந்தார்கள். முழங்கை ஆழத்தில் ஓர் அறை திறந்தது. நான் அதைப் போன்ற ஒன்றை அதற்கு முன் பார்த்ததில்லை. கதிர்கள் குவிந்து கிடக்கவில்லை, அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. காம்புகளெல்லாம் சுவரைப் பார்த்தும் மணிகளெல்லாம் நடுவைப் பார்த்தும் இருந்தன. மண்ணின் இருட்டில் அவை தம் நிறத்தில் தாமே ஒளிர்வதுபோலத் தோன்றின. அதற்குப் பின்னால் இன்னோர் அறை இருந்தது. இரண்டு ஓலைப்பெட்டிகள் நிறைந்தன.

அது எந்த நெல் என்பது நால்வருக்கும் தெரியும். அது யாருடையது என்பதும் தெரியும். மதினி கரைமேல் நின்றார். வாயைத் திறக்க மாட்டேன் என்று முந்தைய நாள் காலையில் சொன்னவர் அவர்தான். இடுப்பில் செருகியிருந்த கைப்பேசி அடித்தது, அண்ணனாகத்தான் இருக்கும். அடித்து ஓயும்வரை அவர் அதை எடுக்கவில்லை.

எலிகளைத் தப்பவிட்டவள் நான். ஆகவே நானே அந்த அம்மாளிடம் போய், அந்த நெல்லில் சிறிது எனக்குத் தரமுடியுமா என்று கேட்டேன். என் குரல் எனக்கே வகுப்பறைக் குரலாகக் கேட்டது.

"ஒங்களுக்கு எதுக்கு டீச்சர் வெதநெல்லு? மதுரையில மொட்டை மாடியிலயா வெதைக்கப் போறீக?"

கணவர் சிரிப்பை அடக்க முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. ஒரு கதிரில் ஒட்டியிருந்த மண்ணை உதறியபடியே, என்னிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

"கேக்க வேண்டியவுக கேக்கல. நானாக் குடுத்தா, இத்தன வருசமும் அவுக நெல்லத்தான் நான் அள்ளிட்டுப் போனேன்னு ஆயிரும்ல."

மதினிக்கும் அது கேட்டது. ஊருணிக் கரையிலிருந்து அவர் இறங்கி வந்தது சில அடிகள்தாம். ஆனால் அந்தச் சில அடிகளை அவர் கடந்தது எனக்கு இன்றும் மெதுவாகவே நினைவில் நிகழ்கிறது. குழியின் விளிம்பில் நின்று, தோளிலிருந்து முந்தானையை எடுத்து இரு கைகளிலும் ஏந்தினார்.

"வெதைக்குக் கொஞ்சம் குடு தாயி."

அந்த அம்மாள் ஒரு மணியை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தார். அது உடையும் ஒலி எங்கள் எல்லாருக்கும் கேட்டது. முளைக்கும் என்பதற்கு அடையாளமாகத் தலையை அசைத்துவிட்டு, ஒரு பெட்டியைத் தூக்கி முந்தானையில் முழுவதுமாகக் கவிழ்த்தார். மற்றொரு பெட்டியைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இது சோத்துக்கில்லக்கா. இந்தக் கரைக்கு அந்தப் பக்கம் எங்களுக்கும் ஒரு துண்டு கெடக்கு, உவர் மண்ணு. இதத்தான் போடப் போறேன். ஒங்களுக்கு வெள்ளாம தப்பிப்போனா எங்கிட்ட வாங்க."

"வாரேன்" என்றார் மதினி.

கைப்பேசி மறுபடியும் அடித்தது. இம்முறை என்னை எடுக்கச் சொல்லி, தம் காதருகே பிடிக்கச் சொன்னார். அவருடைய இரு கைகளிலும் நெல் இருந்தது. அண்ணன் அங்கிருந்து கேட்டதையே மீண்டும் கேட்டார். நெல் இருக்கிறது என்றார் மதினி. பாதி நம்மிடம், பாதி அந்த அம்மாளிடம் என்றார். அண்ணனுக்கு விளங்கவில்லை. விளக்கமாகச் சொல்ல மதினிக்கு அப்போது நேரமில்லை.

பேருந்துக்கு இன்னும் பொழுது இருந்தது. வேப்பமர நிழலில் சாக்கை விரித்து, கதிர்களிலிருந்து மண்ணையும் எலிப் புழுக்கையையும் நானே ஒவ்வொன்றாக ஆய்ந்தேன். புகையின் மணம் மணிகளில் ஒட்டியிருந்தது. வெயில் ஏறி, உப்பளங்கள் மீண்டும் மிதக்கத் தொடங்கின. தலையில் பெட்டியும் தோளில் கடப்பாரையுமாக இருவரும் வரப்பில் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாள் நடந்தபடியே திரும்பிக் குரல் கொடுத்தார்.

"டீச்சர், மேல பாருங்க. ஒங்க கொக்கு போகுது."

நான் குனிந்தபடியே இருந்தேன்.