பூசணின்னு கூப்பிட்டதால பொழச்சேன்

தேயிலைக் கொழுந்து பறிக்கிற வேலையில கைக்கு எவ்வளவு வேலையோ அவ்வளவு வாய்க்கும் உண்டு. இழுப்போட மலை ஏறுற என் மாதிரி ஆளுகதான் மூச்சு வாங்கிக்கிட்டு ஏச்சுப்பேச்சைக் கேட்டுக்கிட்டே பறிக்கணும்.

பூசணி

இழுப்புக்கு, அதான் ஆஸ்துமாவுக்கு, டொக்டரு சின்ன வெள்ளைக் குளிசை மாத்திரை குடுத்தாரு. ரெண்டு வருஷம் விடாம போட்டேன். மூச்சு சீராச்சு, பசி பசின்னு வந்துச்சு, மூஞ்சியும் உப்பிப்போச்சு. ஒடம்பு தேறிருச்சுன்னு எனக்கு ஒரே பெரும. பக்கத்து நிரையில பறிக்கிற மாரியாயி விடுவாளா? "அடியே பூசணி, கூடைய நீ தூக்குறியா, கூடை ஒன்னத் தூக்குதா?"

ஒண்ணும் இல்லீங்க

அப்புறம் டொக்டரே குளிசைய கொஞ்சங் கொஞ்சமா கொறச்சு நிறுத்துனாரு. மூஞ்சி வத்திருச்சு, பேரு மட்டும் வத்தல. ஆறேழு மாசத்துல பித்தப்பையில கல்லுன்னு டவுன் ஆஸ்பத்திரியில படுக்க வச்சாங்க. மறுநாள் ஒப்பரேஷன். "என்ன மருந்து போடுறீங்க?"ன்னு டொக்டரம்மா கேட்டாங்க. இப்ப ஒண்ணும் போடல, அதையே சொன்னேன். பொய் இல்லையே! பக்கத்துக் கட்டில்காரி பெருமூச்சு விட்டா: "குடுத்து வச்சவங்க நீங்க, எனக்கு ஒரு பை நெறய மருந்து."

பாக்க வந்தவ

சாயந்தரம் வாட்டு வாசல்ல நின்னே மாரியாயி கத்துனா, "ஏ பூசணி!" எனக்கு மானமே போச்சு. "இவ்வளவு மெலிஞ்சவங்களுக்கா இந்தப் பேரு?"ன்னு டொக்டரம்மா சிரிச்சாங்க. "இழுப்புக் குளிசை போட்டப்ப மூஞ்சி இம்புட்டுங்க!"ன்னு அவ ரெண்டு கையையும் விரிச்சா.

டொக்டரம்மா சிரிப்பு நின்னுபோச்சு. எவ்வளவு காலம் போட்டீங்க, எப்ப நிறுத்துனீங்கன்னு துருவித் துருவிக் கேட்டாங்க. மூஞ்சிய உப்ப வைக்கிற அந்த ஸ்டீராய்டு குளிசைய ரொம்ப நாள் போட்டா, ஒடம்பு தானா சுரக்க வேண்டியத சுரக்காம விட்டுருமாம். நிறுத்துன பெறகும் பழைய நெலைக்கு வர மாசக்கணக்கா ஆகுமாம். அந்தச் சுரப்பு இல்லாம ஒப்பரேஷன்ல பிரஷர் விழுந்தா உசிருக்கே ஆபத்தாம். அதனால அதே வகை மருந்த ஊசியா போடுவாங்களாம். நல்லதுன்னு குடுத்தாங்க, போதும்னு நிறுத்துனாங்க, இப்ப மறுபடியுமா? எனக்குத் தலையே சுத்துச்சு. மாரியாயிக்கு வேற கவலை: "அப்ப இவ திரும்பவும் பூசணி ஆயிருவாளா டொக்டர்?"

முழிப்பு

தியேட்டருக்குத் தள்ளிக்கிட்டுப் போறப்ப பயத்துல கட்டில் கம்பிய இறுக்கிப் புடிச்சுக்கிட்டேன். என் ஒடம்பு என்ன செய்யப்போகுதுன்னு எனக்கே தெரியலையே! முடிஞ்ச பெறகு நர்ஸு மிஸ்ஸி என் சொந்தப் பேரச் சொல்லி எழுப்பியும் நான் அசையலையாம். கடைசியில டொக்டரம்மாவே குனிஞ்சு கூப்பிட்டாங்க: "பூசணி, கண்ணத் தொறங்க, பிரஷர் நல்லா இருக்கு!"

ஒப்பரேஷனுக்குப் போற என் கூட்டாளிகளே, இப்ப போடுற மருந்தோட முன்ன போட்டதையும் சொல்லிருங்க, என் மாதிரி சொல்லாம விட்டுட்டா காட்டிக்குடுக்க ஒரு வாயாடியையும் கூட வச்சுக்கங்க.