மானிட்டருக்குத் தைத்த மழைக்கோட்டு

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், வாஷியில் ஒரு பதினோரு மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் நின்றுகொண்டு, ஆறு ஆண்பிள்ளைகளைப் பார்த்து, "எல்லாரும் அந்தப் பையக் கழட்டுங்கலே" என்று கத்தினேன்.

இந்த வயதில் இதெல்லாம் எனக்குத் தேவையா என்று நீங்கள் கேட்கலாம். என் கணவரும் கேட்டார். என்ன செய்வது... அந்தக் கூத்தைத் தொடங்கி வைத்த புண்ணியவதியே நான்தான்.

என் தம்பி முருகேசனுக்கு வேலை, கட்டட உச்சிகளில் செல்போன் ஆன்டெனா மாட்டுவதும் பழுது பார்ப்பதும். வீடு தாராவி. வேலை மட்டும் எப்போதும் யாராவது ஒரு பணக்காரரின் தலைக்கு மேலே. ஆன்டெனாவுக்கு முன்னால் போய் நின்றால், அதிலிருந்து வரும் ரேடியோ அலை உடம்பைச் சூடாக்கும். மைக்ரோவேவில் சாம்பார் சூடாகிறதே, கிட்டத்தட்ட அதே சங்கதிதான். கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் கிடையாது.

அதனால் கம்பெனியில் ஆளுக்கொரு மானிட்டர் கொடுத்திருக்கிறார்கள். பழைய பட்டன் போன் அளவில் இருக்கும். நெஞ்சில் மாட்டிக்கொள்ள வேண்டும். அலை அளவு மீறினால் சிவப்பு விளக்கு எரியும், 'பீப் பீப்' என்று கத்தும். கத்தினால் பின்னால் வந்துவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

இதை அவன் முதல்முதலாக எங்கள் செம்பூர் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டியபோது எனக்குத் தோன்றியது ஒன்றே ஒன்று — ஐயோ, இதற்கு உறை இல்லையே.

நீங்கள் சிரிக்கலாம். ஆனால் உங்கள் வீட்டு டிவி ரிமோட்டைக் கொஞ்சம் பாருங்கள். பிளாஸ்டிக் கவர் இருக்கிறதா? மிக்ஸிக்குச் சட்டை, ஃபிரிட்ஜ் கைப்பிடிக்குப் பாவாடை? நம் ஜாதகமே அப்படி. ஒரு பொருள் வீட்டுக்குள் நுழைந்தால் பூ வைக்கிறோமோ இல்லையோ, முதலில் போர்த்திவிடுவோம். அதிலும் பம்பாய் மழை. அந்த மழையில் வேலை பார்க்கிற பிள்ளை. நெஞ்சில் திறந்த மேனியாக ஒரு மெஷின்!

தாராவியில் பை தைக்கும் பட்டறைகளில் டிபன் பைக்கு உள்ளே வைக்கிற ஷீட் ஒன்று கிடைக்கும். வெள்ளி நிறத்தில் பளபளக்கும், சோறு சூடு ஆறாமல் காக்கும், சொட்டுத் தண்ணீர் விடாது. அதை உள்ளே கொடுத்து, வெளியே நீலச் சீட்டித் துணி வைத்து, மேலே மூடி போட்டு, வெல்க்ரோ ஒட்டி ஒரு உறை தைத்துக் கொடுத்தேன். மானிட்டர் அதற்குள் புதுமாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்துகொண்டது.

அந்த மெஷின் வந்த அட்டைப்பெட்டியிலேயே, மழையில் நனைந்தாலும் ஒன்றும் ஆகாது என்று அச்சடித்திருந்ததாம். நம்மில் யார் அட்டைப்பெட்டியைப் படிக்கிறோம்?

ஒரு வாரம் போயிருக்கும். முருகேசன் போன் செய்தான். குரலில் அப்படி ஒரு பெருமை. அந்த வாரம் முழுக்க அவன் மானிட்டர் ஒருமுறைகூடக் கத்தவில்லையாம். பக்கத்தில் நிற்கிறவர்களுடையது கத்து கத்தென்று கத்துகிறதாம், இவனுடையது மட்டும் கம்மென்று இருக்கிறதாம். "எக்கா, ஒன் கைராசில்லா அது. இவனுவோ எல்லாரும் தங்களுக்கும் ஒண்ணு வேணுங்கானுவோ" என்றான்.

சொல்லவா வேண்டும்? என் தையலைப் பாராட்டி இந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்றைக்கே மெஷினை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். அவன் டீமில் மற்ற ஐந்து பேருக்கும் ஐந்து நிறத்தில் உறை. இருக்கட்டுமே என்று, மாடியில் வேலை நேரத்தில் போட்டு வைக்க, ஆறு பேருக்கும் செல்போனுக்கு ஒரு உறை. அடுத்த வாரத்திலிருந்து அந்த டீமில் ஒரு பீப் இல்லை. அவர்களுடைய சேஃப்டி மேடம் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, மற்ற டீம்களிடம் 'இவர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்' என்றாராம். பரிசாகக் கிடைத்த பேடா டப்பாவோடு ஆறு பேரும் நிற்கும் போட்டோ எனக்கும் வந்தது. மேடம் கண்ணில் உறை படவில்லையா என்றால், மாலையில் ஆபீஸில் மானிட்டரை ஒப்படைக்கும்போது உறையைக் கழற்றி மடித்துப் பத்திரமாக வைத்துக்கொள்வார்களாம். அழுக்காகிவிடக் கூடாதல்லவா?

இப்படியே ஒரு மாதம் ஓடியது. இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

காலையில் மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். மழை. என் போனையும் அன்றைக்குத்தான் முதல்முறையாக நான் தைத்த உறையில் போட்டு வைத்திருந்தேன். திரும்பி வந்தால் வாசலிலேயே என் கணவர், முகத்தை ஒரு முழத்துக்கு வைத்துக்கொண்டு. பதினான்கு தடவை போன் செய்தாராம். வீட்டில் முருங்கைக்காய் இருக்கிறது, வாங்காதே என்று சொல்வதற்கு. பதினான்கு தடவையும் 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்று வந்ததாம். நான் பையிலிருந்து முருங்கைக்காயை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

போனை உறையிலிருந்து எடுத்தேன். அவரை அடிக்கச் சொன்னேன், மணி அடித்தது. உள்ளே போட்டு மூடினேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. வெளியே எடுத்தால் மணி, உள்ளே போட்டால் காணோம். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மூன்றாவது தடவையும் செய்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்.

"செல்வி, அந்தப் பைக்குள்ள போன் அலையே போகலன்னா... ஒன் தம்பி மெஷினுக்கு மட்டும் எப்படிம்மா போகும்?"

சிரிப்பு பாதியில் நின்றது. மெஷின் கத்தாமல் இருந்தது ராசியால் இல்லை. நான் அதன் காதைப் பொத்திவிட்டேன். ஒரு மாதமாக ஆறு பேர் அந்த மௌனத்தை நம்பி ஆன்டெனாவுக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறார்கள். அதிலும் முருகேசன்தான் முதலில் போகிறவன். இவன் போய் நின்று, சத்தம் வரவில்லை என்றால் மற்றவர்கள் பின்னால் வருவார்களாம். அவனே சொல்லியிருக்கிறான், பெருமையாக.

போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மற்ற ஐந்து பேருக்கும் போட்டேன். வெளியே, வெளியே, வெளியே... ஆறு பேரையும் உலகத்தோடு சேராமல் பிரித்து வைத்தவளும் நான்தானே? முருகேசனுடைய ஆபீஸ் நம்பருக்குக் கணவர் அடித்துப் பார்த்தார், அவர்கள் மியூசிக் போட்டுவிட்டார்கள். அவரைப் போனும் காதுமாக அப்படியே விட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

வாஷி ஸ்டேஷனுக்கு எதிரில் பெரிய கட்டடம் என்று காலையில் வீட்டுக்கு வந்தபோது சொல்லியிருந்தான், அதுவரைக்கும் நல்லது. செம்பூரிலிருந்து வாஷி, ஹார்பர் லைனில் மூன்றே ஸ்டேஷன். அன்றைக்குக் கன்னியாகுமரி வரைக்கும் போன மாதிரி இருந்தது. மான்கூர்ட் தாண்டி, பாலத்தில் ரயில் கொஞ்சம் நின்றது. லேடீஸ் பெட்டியில் நான் அழுவதைப் பார்த்துவிட்டு ஒரு மராத்திக்கார அம்மாள் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு என்ன ஆயிற்று என்று கேட்டார். பை தைத்தேன் என்றேன். வேறு எப்படிச் சொல்வது? அவர் என் கையில் ஒரு கேரட் துண்டைக் கொடுத்தார்.

கட்டடத்து வாட்ச்மேன் டெலிவரியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். லிஃப்ட் பதினொன்றோடு நின்றுவிட்டது, அதற்கு மேல் படி. மூச்சு வாங்க மொட்டை மாடிக் கதவைத் தள்ளினால்... ஆறு பேரும் பிளாஸ்டிக் ஷீட் விரித்து, வட்டமாக உட்கார்ந்து, ஜம்மென்று சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். தலைக்குப் பின்னால், ஆள் உயரத்தில், ஒரு ஆன்டெனா.

அப்போதுதான் கத்தினேன். ஒருவனும் அசையவில்லை. முருகேசனுக்கு ஆட்கள் முன்னால் அவமானம் வேறு. "எக்கா, என்ன நீ இங்கன வந்து... நம்ம ஆன்டெனாவ காலைலயே ஆஃப் பண்ணியாச்சு. இவ்வளவு நாளா ஒரு சத்தம் கெடையாது, தெரியும்லா" என்றான்.

குனிந்து அவன் நெஞ்சிலிருந்த உறையைத் திறந்து மானிட்டரை வெளியே இழுத்தேன்.

கத்தியது பாருங்கள் ஒரு கத்து. ஒரு மாதத்து ஆத்திரம் மொத்தமும் அதில் இருந்தது. மற்ற ஐந்து பேரும் அவரவர் உறையைப் பிய்த்தார்கள். ஆறும் சேர்ந்து அலறின. ஆறு பேரும் எச்சில் கையோடு மாடியின் மறுகோடிக்கு ஓடினார்கள், நானும் ஓடினேன். அங்கே போன பிறகுதான் எல்லாம் அடங்கியது. அவர்களுடைய ஆன்டெனா ஆஃப்தான். பின்னால் இருந்தது வேறொரு கம்பெனியுடையது. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

சாப்பாடு அங்கேயே இருந்தது. நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு, நான் காலையில் கொடுத்தனுப்பியது. எடுத்து வருகிறேன் என்று ஒருவன் நாலடி வைத்தான், பீப். திரும்பி வந்துவிட்டான். ஆறு பேரும் குழம்பையே பார்த்துக்கொண்டு நின்றோம் — என்னையும் சேர்த்தால் ஏழு. ஒரு காக்கா வந்து நிதானமாகச் சாப்பிட்டது. அதற்கு மானிட்டர் கொடுக்கவில்லை.

மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். முருகேசன் மட்டும் சிரிக்கவில்லை. ஒரு எட்டு முன்னால் வைத்தான், கத்தியது. பின்னால் வந்தான், நின்றது. திரும்பவும் ஒருமுறை. அப்புறம் என் பக்கம் பார்க்காமலே மெல்லச் சொன்னான்.

"எக்கா, சத்தமில்லாத எடமா இருக்கேன்னு நாந்தான் இவனுவள இங்கன உக்காத்தி வச்சேன்."

அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் சேஃப்டி மேடம் வந்தார். பை தைத்தது தான்தான் என்று முருகேசன் பொய் சொன்னான். தம்பியின் தையல் லட்சணம் எனக்குத் தெரியாதா? நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். அவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தையல் நன்றாக இருக்கிறது என்று இந்தியில் சொல்லிவிட்டு, அப்புறம் திட்ட ஆரம்பித்தார். அரை மணி நேரம். ஒரு வார்த்தைகூட அநியாயம் இல்லை. ஆறு பேரையும் டாக்டரிடம் அனுப்பினார்கள். யாருக்கும் ஒன்றும் இல்லை என்று தெரிகிறவரை, இரண்டு நாள், நான் சரியாகச் சாப்பிடவில்லை.

ஒன்றும் இல்லை. தெய்வத்துக்கு நன்றி. டீமுக்குத் திரும்பவும் பயிற்சி வகுப்பு. கரும்பலகைக்குப் பக்கத்தில் என் நீலச் சீட்டி உறையை ஆணியடித்து மாட்டியிருக்கிறார்களாம், 'செய்யக் கூடாதது' என்று எழுதி.

உங்கள் வீட்டிலும் ஏதாவது ஒன்று ரொம்ப நாளாகச் சத்தம் போடாமல் இருந்தால், நிம்மதி என்று விட்டுவிடாதீர்கள். அது மெஷினாக இருக்கலாம், மாமியாராக இருக்கலாம், வயதுக்கு வந்த பிள்ளையாகவும் இருக்கலாம். பக்கத்தில் போய், வாயைப் பொத்தியது யார் என்று பாருங்கள்.

அனேகமாக ரொம்பப் பாசமான ஆளாகத்தான் இருக்கும்.